போவா பாம்பு வளர்க்க ஆசையா? இரை போடாமல் இருக்கவும் தெரிய வேண்டும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் மட்டைக் குவியலில் கால் வைக்குமுன் கம்பால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கோழிக் கூண்டில் மலைப்பாம்பு புகுந்துவிட்டால் தீயணைப்பு மீட்புத் துறைக்கோ பொது தற்காப்புப் படைக்கோ அழைப்பு பறக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நகரத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாலு மாதச் சம்பளம் கையில் வந்ததும், "அம்மா, ஒரு பாம்பு வாங்கி வளர்க்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் அந்த வீடு என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் இந்த ஆசை உள்ள இளையோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் கண்ணில் படுவது போவா. பழுப்பு நிற உடல், முதுகில் சேணம் போட்டது போன்ற கறுப்புப் பட்டைகள், வால் பக்கம் செங்கல் நிறம். நஞ்சு கிடையாது. பழகிவிட்டால் கையில் நிதானமாக ஊரும். வாங்கிவிடுவது சுலபம். அதற்குப் பிறகு வரும் 25 ஆண்டுகளைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வன வகையில் செங்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை ஆகிய இரண்டை மட்டுமே வளர்க்கலாம். ஜொகூரில் வாங்கிக் கைப்பையில் வைத்துப் பாலத்தைக் கடந்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவிலும் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. தீபகற்பத்திலும் லாபுவானிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. சபாவுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டமும் சரவாக்கிற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியாக உண்டு. நம் காட்டு மலைப்பாம்பு, அதாவது மலாய்க்காரர்கள் ஊலார் சாவா என்று சொல்வது, பாதுகாக்கப்பட்ட உயிரினம். தோட்டத்தில் பிடித்த குட்டியை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். "சும்மா கிடைத்தது, காசு கொடுத்து வாங்கவில்லை" என்ற விளக்கம் அதிகாரிகளிடம் எடுபடாது.

போவா நம் நாட்டுப் பாம்பு அல்ல. அதனால் எந்தத் தாளும் தேவையில்லை என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. நம்பாதீர்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்பாட்டில் போவா இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதன் அர்ஜென்டினா கிளையினம் ஒன்று இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த உடன்பாட்டைச் செயல்படுத்த மலேசியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே உங்கள் கைக்கு வரும் போவா முறையான அனுமதியுடன் நாட்டுக்குள் வந்ததா, அல்லது அப்படி வந்த தாய்க்கு இங்கே பிறந்ததா என்பதைக் காட்டும் ஆவணம் வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநிலத்தில் உள்ள பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு மற்றும் தேசியப் பூங்காத் துறை அலுவலகத்துக்குப் போய், எந்த உரிமம் வேண்டும், யார் பெயரில் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். சமூக ஊடகத்தில் படம் போட்டு, "இன்றே எடுத்தால் விலை குறைவு, தாள் இல்லை" என்று வரும் விற்பனையைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிடுங்கள். மலிவாகக் கிடைத்த பாம்பு வழக்கில் முடிந்தால் அபராதம் மலிவாக இருக்காது.

போவா எது, மலைப்பாம்பு எது

இரண்டும் நஞ்சில்லாதவை, இரண்டும் சுற்றி இறுக்கிக் கொல்பவை. ஆனால் உறவு தூரம். மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும். போவா குட்டி போடும். போவாவின் தாயகம் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை நீளும் அமெரிக்க நிலப்பரப்பு. அனகோண்டா இதன் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் மண்ணுளிப் பாம்பும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். மண்ணுளி வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்ற மூடநம்பிக்கையால் அதைக் கடத்துகிறவர்கள் பிடிபடுகிறார்கள். போவா விஷயத்தில் அந்தக் குழப்பமே வேண்டாம். வாங்கினால் பணம் போகத்தான் செய்யும்.

1758இல் லின்னேயஸ் இதற்குப் போவா கன்ஸ்ட்ரிக்டர் என்று பெயர் வைத்தார். இன்று கடைகளில் போவா என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது மத்திய அமெரிக்கா, கொலம்பியா பகுதிகளைச் சேர்ந்த இம்பரேட்டர் என்ற வகை. அதை இப்போது பல ஆய்வாளர்கள் தனி இனமாகவே கருதுகிறார்கள். சூரினாம், கயானா, பெரு நாடுகளிலிருந்து வரும் செவ்வால் போவாதான் பழைய, அசல் கன்ஸ்ட்ரிக்டர். அது இன்னும் பெரிதாக வளரும். குட்டிப் பருவத்தில் வயிறும் மென்மையானது, இரை சற்றுப் பெரிதாகிவிட்டால் கக்கிவிடும். முதல்முறை வளர்ப்பவருக்கு இம்பரேட்டரே ஏற்றது.

அளவைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பிறந்த குட்டி 40 முதல் 50 சென்டிமீட்டர் இருக்கும்; ஒரு பள்ளிப் பையின் ஓரத்தில் அடங்கும். வளர்ந்த ஆண் 5, 6 அடி. பெண் 6 முதல் 8 அடி. சில அதற்கும் மேல் போகும். நன்றாக வளர்ந்த பெண்ணின் எடை ஒரு பெரிய அரிசி மூட்டை அளவுக்கு, 10 கிலோ வரை வரலாம். ஆயுள் 20 முதல் 30 ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா உயிரியல் பூங்காவில் பாப்பாய் என்ற ஆண் போவா 1977இல் இறந்தபோது அதற்கு 40 வயது தாண்டியிருந்தது. 22 வயதில் வாங்குகிற பாம்பு உங்கள் கல்யாணத்தைப் பார்க்கும், பிள்ளைகள் படிவம் ஐந்து முடிப்பதையும் பார்க்கும். வருங்கால வாழ்க்கைத் துணைக்கு இதில் சம்மதமா என்பது இப்போதே சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

ஆண் பாம்பாகக் கேளுங்கள். உடல் சிறிது, கூண்டு சிறிது, இரை குறைவு. வண்ண வகைகளில் மயங்க வேண்டாம். வெள்ளை, ஆரஞ்சு என்று மரபுத் தேர்வால் உருவாக்கிய நிறங்களுக்குத்தான் விலை ஏறுகிறதே தவிர, பாம்பின் குணமோ உடல்நலமோ அதனால் கூடுவதில்லை.

பிறந்து சில நாளே ஆன குட்டியை எடுக்காதீர்கள். சில மாதம் வளர்ந்து, உறைந்த எலியை உருக்கிக் கொடுத்தால் தயங்காமல் தின்னும் பாம்பாக இருக்க வேண்டும். "எப்போது கடைசியாகத் தின்றது? என்ன தின்றது? கக்கியதா?" இந்த மூன்று கேள்விக்கும் எழுதி வைத்த பதிவைக் காட்டும் விற்பனையாளரே நம்பத் தக்கவர். முடிந்தால் அது இரை தின்பதை நேரில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இதற்காக இரண்டு தடவை கடைக்கு அலைந்தாலும் தவறில்லை.

கையில் வாங்கும்போது பாம்பு உங்கள் விரல்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த கயிறுபோல் தொங்கினால் நல்லதல்ல. நாக்கு அடிக்கடி வெளியே வர வேண்டும். மூக்கில் குமிழ், வாயோரத்தில் எச்சில், மூச்சுவிடும்போது சொடுக்குச் சத்தம் இருந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று. ஈறு சிவந்து சீழ் கட்டியிருந்தால் வாய்ப்புண். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் மிளகுத் தூள் சிதறினாற்போல் நகரும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை உண்ணிகள். தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் அவை மூழ்கிக் கிடந்தாலும் அதே பொருள்தான். ஒரு கூண்டில் உண்ணி இருந்தால் அந்தக் கடையில் எந்தப் பாம்பையும் வாங்க வேண்டாம்.

போவா வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சும் நோய் ஒன்று உண்டு. அரீனா வகை வைரஸால் வருவது; சுருக்கமாக ஐபிடி என்பார்கள். பாம்பு தலையை வானத்தைப் பார்ப்பதுபோல் பின்னுக்கு வளைக்கும், குப்புறப் புரட்டிவிட்டால் திரும்பத் தடுமாறும், தின்றதைக் கக்கிக்கொண்டே இருக்கும். சில போவாக்கள் வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் இதைச் சுமந்து திரியும். மருந்து இல்லை. வீட்டில் ஏற்கெனவே வேறு பாம்பு இருந்தால் புதியதைக் குறைந்தது 3 மாதம் வேறு அறையில், வேறு கருவிகளுடன் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வேலையையும் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பெருநகரங்களில் கிடைப்பார். சிறு பட்டணங்களில் கிடைப்பது அரிது. எத்தனை மணி நேரப் பயணத்தில் அவர் இருக்கிறார் என்பதை அறிந்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டும் சூடும்

வளர்ந்த போவாவுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம் என்பது குறைந்தபட்சம். பெரிய பெண் பாம்புக்கு அதுவும் போதாது. குட்டிக்குச் சிறிய பெட்டி போதும். ஆனால் பெரிய கூண்டுக்கு வீட்டில் எந்தச் சுவர் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் சொல்ல வேண்டிவரும். கூண்டுக்குப் பூட்டு கட்டாயம். போவாவுக்குத் தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும்.

கூண்டின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். ஈரப்பதம் 60, 70 விழுக்காடு. இரு முனையிலும் உடல் முழுக்க அடங்கும் ஒளிவிடம், அது முழுதாக இறங்கிக் கிடக்கும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி. நம் நாட்டு வெக்கைக்கு இதெல்லாம் தானாகவே அமைந்துவிடும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் அறையில் வெப்பம் 22 டிகிரிக்கு இறங்கும். பாம்பின் செரிமானம் வெளிச் சூட்டை நம்பியே நடக்கிறது. குளிர்ந்தால் வயிற்றில் உள்ள எலி செரிக்காது, அழுகும், பிறகு கக்கும். மறுபக்கம், தகரக் கூரை போட்ட தோட்ட வீட்டில் நண்பகல் சூடு 35ஐத் தாண்டிவிட்டால், ஒதுங்கக் குளிர்ந்த இடம் இல்லாத பாம்பு சாகும். ஊகம் வேண்டாம், இரண்டு வெப்பமானி வாங்கி இரு முனையிலும் வையுங்கள். சூடேற்றும் கருவி போட்டால் அதைத் தெர்மோஸ்டாட் வழியாக மட்டுமே இணைக்க வேண்டும்.

இரை: இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்

பாம்பு பட்டினியால் செத்துவிடுமோ என்ற பயம் புதிதாக வளர்ப்பவர் எல்லோருக்கும் வரும். நம் வீடுகளில் இது இன்னும் அதிகம். வந்தவருக்கு இரண்டாம் முறை சோறு போடாமல் விடாதவர்கள் நாம். ஆனால் வீட்டுப் போவாவை அதிகம் கெடுப்பது பட்டினி அல்ல, இரை மிகுதிதான். காட்டில் அது பதுங்கியிருந்து வேட்டையாடுவது. எப்போதோ ஒன்று கிடைக்கும். மற்ற நாள்களில் அசையாமல் கிடக்கும். அந்த உடலமைப்பைக் கூண்டுக்குள் வைத்து வாரம் ஒரு எலி போட்டால், கேட்கும்போதெல்லாம் வாயைத் திறக்கும். பசி என்று நினைக்கிறோம். எதிரே இரை வந்தால் கவ்வுவது அதன் இயல்பு, அவ்வளவுதான்.

இப்படி அதிகம் போட்டால் 2 ஆண்டில் பாம்பு பெரிதாகிவிடும். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். உள்ளே கல்லீரலில் கொழுப்பு ஏறிக்கொண்டிருக்கும். 25 ஆண்டு வாழ வேண்டியது 8, 10 ஆண்டில் ஒருநாள் காலையில் அசைவற்றுக் கிடக்கும். நானும் முதல் போவாவுக்கு இந்தத் தவறைச் செய்தவன்தான். அது ஓராண்டுக்குள் நாலு அடியைத் தொட்டபோது பெருமையாகப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வளர்ச்சி இல்லை, வீக்கம்" என்றார்.

கணக்கு எளிது. முதல் ஓராண்டு வரை பாம்பின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள இரை, 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை. அரை கிலோ பாம்புக்கு 50 கிராம் எலி. பிறகு மூன்று வயது வரை 2, 3 வாரத்துக்கு ஒன்று. முழு வளர்ச்சி பெற்றபின் எடையில் 5, 6 விழுக்காடு போதும்; அதுவும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. 5 கிலோ பெண் போவாவுக்கு 300 கிராம் எலி ஒன்று, மாதத்துக்கு ஒரு தடவை. ஆண்டுக்கு 10, 12 எலியோடு முடிந்தது. தராசு இல்லையென்றால் கண்ணளவு: இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது. விழுங்கிய பிறகு லேசான மேடு தெரிந்தால் போதும். நடுவயிறு பந்துபோல் புடைத்தால் அடுத்த முறை சிறியதாக எடுங்கள்.

உடலைப் பார்த்தும் சொல்லலாம். நல்ல போவாவை நடுவில் வெட்டிப் பார்த்ததாகக் கற்பனை செய்தால் ஓரங்கள் மழுங்கிய ரொட்டித் துண்டு வடிவம் இருக்கும். முதுகெலும்பு கூரை முகடுபோல் நின்றால் மெலிவு. உருண்டு திரண்டு, வளையும் இடத்தில் மடிப்பு விழுந்து, செதில்களுக்கு இடையே தோல் தெரிந்தால் கொழுப்பு. அப்போது இரையை ஒரேயடியாக நிறுத்தாமல் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

என்ன போடலாம்? எலிதான். குட்டிப் போவாவுக்கு ரோமம் முளைத்த சுண்டெலிக் குட்டி அல்லது சிறிய பெருச்சாளிக் குஞ்சு அளவில் தொடங்கி, வளர வளர வளர்ப்பு எலிக்கு மாறலாம். இடையே ஒரு காடையோ கோழிக் குஞ்சோ கொடுக்கலாம். சந்தையில் வாங்கிய கோழி இறைச்சித் துண்டு கூடாது. எலும்பு, கல்லீரல், குடல், தோல் எல்லாம் சேர்ந்த முழு உயிரிதான் அதற்கு முழு உணவு; துண்டு இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. பாலும் வேண்டாம். புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் வழிபாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாம்பின் வயிறு பாலைச் செரிக்காது. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதைக் கண்டாலும் குடிக்கும் என்பதால்தான் பாலையும் குடிக்கிறது. கூண்டில் தண்ணீர் மட்டும் வையுங்கள்.

தோட்ட வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "எலிதானே, இங்கே பொறி வைத்தால் தினம் பத்து விழும்" என்று நினைப்பது இயற்கை. அந்த எலியைப் போடாதீர்கள். செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த வைக்கும் வார்ஃபரின், புரோமடியோலோன், புரோடிஃபாகூம் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் நடமாடும். அந்த நாள்களில்தான் அது மந்தமாகி உங்கள் பொறியில் விழும். நஞ்சு எலியின் கல்லீரலில் தங்கியிருக்கும், அங்கிருந்து தின்பவரின் உடலுக்குப் போகும். எலி பிடிக்க ஆந்தைக் கூடு வைக்கும் தோட்டங்களில் மருந்து வகையைக் கவனிக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மேலும் காட்டெலியின் சிறுநீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் பாம்பைவிட உங்களைத்தான் முதலில் பிடிக்கும். இரைக்கென்றே வளர்த்து உறைய வைத்த எலியைக் கடையில் வாங்குங்கள். செலவில் இதுதான் மிகச் சிறிய பகுதி.

உயிருள்ள எலியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாம்பின் வேட்டைக் குணம் போய்விடும் என்பார்கள். போகாது. பாம்புக்குப் பசி இல்லாத இரவில் கூண்டில் விடப்பட்ட எலி, பாம்பின் முதுகைக் கொறித்து எலும்பு தெரியும்படி செய்த சம்பவங்கள் உண்டு. செத்த எலியையும் போவா அதே வேகத்தில் கவ்விச் சுற்றும். 2012இல் அமெரிக்காவில் டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபேக் குழுவினர் செத்த எலிகளுக்குள் செயற்கை இதயம் பொருத்திப் பார்த்தார்கள். இதயம் துடித்த எலியைப் போவா அதிக நேரம், அதிக அழுத்தத்துடன் இறுக்கியது. துடிப்பு இல்லாததைச் சீக்கிரம் விட்டுவிட்டது. இரையின் நாடியை அதன் உடல் உணர்கிறது. அதே குழு 2015இல் இன்னொன்றையும் காட்டியது: போவா மூச்சை அடைத்துக் கொல்கிறது என்று நாம் படித்தது சரியல்ல, சில நொடிகளிலேயே இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது.

ஐஸ்பெட்டியில் எலியா என்ற கேள்வி

பாம்பைக்கூட ஏற்றுக்கொண்ட அம்மா, மீன் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் எலிப் பொட்டலத்தைப் பார்த்தால் அன்றோடு எல்லாம் முடியும். புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். இதில் அம்மா சொல்வதே சரி. எலியின் உடலிலும் பாம்பின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். பழைய சிறிய உறைபெட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டில் வைத்துவிடுங்கள். அதற்கென்று தனி வாளி, தனி இடுக்கி. சமையல் தொட்டியில் எதையும் கழுவக் கூடாது.

முதல் நாள் இரவே எலியை உறைபெட்டியிலிருந்து எடுத்து மூடிய பாத்திரத்தில் குளிர்ந்த இடத்தில் உருக விடுங்கள். மறுநாள் மாலை, பிளாஸ்டிக் பையில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் கால் மணி நேரம் வையுங்கள். நடுவில் பனிக்கட்டி இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். உள்ளே உறைந்திருந்தால் பாம்பு கக்கும். மைக்ரோவேவில் வைத்தால் எலி வெடிக்கும், பிறகு அந்த அடுப்பை யாரும் தொடமாட்டார்கள். உருக்கிய எலியை மீண்டும் உறைய வைக்கக் கூடாது.

ஒரு முழ நீள இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தலை முன்னே வரும்படி பாம்பின் எதிரே லேசாக ஆட்டுங்கள். விரலால் நீட்டாதீர்கள். கவ்வியதும் கூண்டை மூடி, துணியால் மறைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நண்பர்களைக் கூட்டி வந்து வேடிக்கை காட்டும் நேரம் அதுவல்ல. இரவு முழுக்கத் தொடாமல் விட்டிருந்தால் காலையில் எடுத்து எறிந்துவிட்டு அடுத்த முறை வரை காத்திருங்கள். தோல் உரிக்குமுன் கண் நீலம் பூத்து, பல நாள் தின்னாமல் கிடப்பது வழக்கம்.

தின்ற பிறகு குறைந்தது 2 நாள் பாம்பைத் தூக்கக் கூடாது. தூக்கினால் கக்கும். அப்படிக் கக்கினால், ஐயோ வயிறு காலி என்று உடனே இன்னொன்றைப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. எலியோடு செரிமான அமிலமும் வெளியே வந்து தொண்டை புண்ணாகியிருக்கும். குறைந்தது 2 வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை. இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

புதிதாக வீட்டுக்கு வந்த பாம்புக்கு முதல் வாரம் இரையே வேண்டாம். இடம் பழகட்டும். தின்ற தேதி, எடை, எச்சம் போட்ட நாள், தோல் உரித்த நாள் ஆகியவற்றைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியிலேயே எழுதிவிடலாம். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.

கடியும் குழந்தைகளும்

போவா கடித்தால் நஞ்சு இல்லை, ஆனால் உள்நோக்கி வளைந்த பல் வரிசைகள் உண்டு. கடித்துவிட்டு விட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, கிளினிக்கில் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். விடாமல் பிடித்திருந்தால் இழுக்காதீர்கள். தோல் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். தலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விட்டுவிடும். கையைச் சுற்றியிருந்தால் வால் முனையிலிருந்து பிரிக்க வேண்டும். பெரும்பாலான கடி இரை நேரத்தில்தான் நடக்கும். எலி நாற்றம் உள்ள கையோடு கூண்டைத் திறந்ததால் வந்தவை. இரை நாள் அல்லாதபோது கூண்டைத் திறந்ததும் ஒரு கொக்கியால் உடலை மெல்லத் தொட்டால், வந்திருப்பது சாப்பாடு இல்லை என்று அது புரிந்துகொள்ளும். பாம்பு 6 அடியைத் தாண்டியபின் இரை போடும்போதும் தூக்கும்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். கழுத்தில் மாலையாகப் போட்டுப் படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், உடல் தளர்ந்த தாத்தா பாட்டி உள்ள வீட்டில் சால்மொனெல்லா சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காது. அவர்கள் பாம்பைத் தொடாமல் இருக்க முடியாது என்றால், வீட்டில் பாம்பு இப்போதைக்கு வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால்

வேலை மாறும், வீடு மாறும், மனம் மாறும். அப்போது செம்பனைக் காட்டில் விட்டுவிட்டால் எலி தின்று பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றும். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் 1971இல் சில போவாக்கள் விடப்பட்டன. அவை பெருகி இன்று அந்தத் தீவின் சொந்த உயிரினங்களைத் தின்கின்றன. அரூபா தீவில் 1999இல் முதல் போவா கண்ணில் பட்டது. அங்கும் பறவைகள், பல்லிகள் அதற்கு இரையாகின்றன. நம் வெப்பமும் மழையும் போவாவுக்கு அவ்விரு தீவுகளைவிடக் குறைந்ததல்ல. ஒரு பெண் ஒரே ஈற்றில் 20, 30 குட்டி போடும்.

விட முடியாத பாம்பை வேறு ஒருவருக்குக் கொடுப்பதென்றாலும் உங்கள் பெயரில் உள்ள ஆவணம் அவர் பெயருக்கு முறையாக மாற வேண்டும். அதற்கும் நீங்கள் முதலில் போன அதே பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வாங்கிய நாளின் ரசீதையும் ஆவண நகலையும் கூண்டின் பக்கவாட்டில் ஒரு உறையில் ஒட்டி வைத்திருந்தால் அன்றைக்குத் தேட வேண்டியிருக்காது.